மின்தடையை அளந்த பெருந்தகை

நுழையுமுன்

மாணவர்களே, உங்கள் வீட்டிலுள்ள சலவைப்பெட்டியையோ கீசரையோ கவனித்துப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு சிறிய தகடு பொருத்தப்பட்டிருக்கும். வோல்ட், ஆம்பியர், வாட் என்னும் சொற்களும் அவற்றுக்குரிய எண்களும் அதில் காணப்படும். அறிவியல் வகுப்பில் இவற்றோடு ஓம் என்னும் சொல்லையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்நான்கும் அளவுகளின் பெயர்கள். ஆயினும் அவை முதலில் மனிதர்களின் பெயர்களாகவே இருந்தன. வோல்டா இத்தாலி நாட்டவர். ஆம்பியர் பிரான்சு நாட்டவர். ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியர். இந்நால்வருள் ஒருவர் மட்டும், தாம் கண்ட உண்மையை உலகம் ஏற்கும் நாளுக்காக நெடுங்காலம் காத்திருந்தார். அவரே ஓம். அவருடைய வாழ்க்கையையும், அவர் கண்ட விதியைக் கொண்டு நாம் செய்யும் கணக்குகளையும் இப்பாடத்தில் காண்போம்.

பட்டறையில் தொடங்கிய கல்வி

ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியில் எர்லாங்கன் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1789-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுகள் செய்யும் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். அவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளுள் மூவரே பிழைத்து வளர்ந்தனர். ஜார்ஜ் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது தாயாரும் இறந்துவிட்டார்.

தந்தையார் உயர்கல்வி பெறும் வாய்ப்பில்லாதவர். ஆயினும் நூல்களைத் தேடித் தாமே பயின்று கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். பகலெல்லாம் இரும்பையும் அரத்தையும் கையாண்ட அவர், தம் மைந்தர்களான ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் தாமே ஆசிரியராக அமைந்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் ஆகியவற்றை அவர்களுக்குக் கற்பித்தார். ஊர்ப் பள்ளியில் கிடைத்த கல்வியைவிடத் தந்தையிடம் கிடைத்த கல்வியே அவர்களுக்கு உரமூட்டியது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரான லாங்ஸ்டார்ஃப் அச்சிறுவர்களைச் சோதித்துப் பார்த்து வியந்தார். கணித மேதைகள் பலரைத் தந்த பெர்னூலி குடும்பத்தோடு அவர் அவர்களை ஒப்பிட்டார்.

அப்பட்டறையில் ஜார்ஜ் வேறொன்றையும் கற்றார். உலோகத்தை அறுக்கவும், இழைக்கவும், மெல்லிய பகுதிகளைப் பிழையின்றிப் பொருத்தவும் அவருடைய கைகள் பழகின. இப்பயிற்சி இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவருக்குப் பெருந்துணையாக அமைந்தது.

தந்தையின் சினமும் மைந்தரின் உழைப்பும்

1805-ஆம் ஆண்டில் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளமைத் துடிப்பில் அவர் மனம் படிப்பில் நிலைகொள்ளவில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பெரும்பொழுதைக் கழித்தார். தமக்குக் கிட்டாத நல்வாய்ப்பு மகனுக்குக் கிட்டியும் அது வீணாவதைக் கண்டு தந்தையார் சினந்தார். மூன்று பருவங்களோடு ஜார்ஜின் படிப்பு நின்றது. 1806-ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் தனியே வாழ்ந்த அந்த ஆண்டுகள் அவரை மாற்றின. லாங்ஸ்டார்ஃபின் அறிவுரைப்படி, ஆய்லர், லப்லாசு முதலிய கணித மேதைகளின் நூல்களைத் தாமாகவே பயின்றார். தந்தை எவ்வாறு கற்றாரோ அவ்வாறே மைந்தரும் கற்றார். 1811-ஆம் ஆண்டில் எர்லாங்கனுக்குத் திரும்பி, அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின்னரும் வறுமை அகலவில்லை. பல்கலைக்கழகத்தில் சில காலம் கற்பித்தார்; அங்குக் கிடைத்த ஊதியம் வாழ்க்கைக்குப் போதவில்லை. பின்னர்ப் பாம்பெர்க் நகரில் வசதி குறைந்த ஒரு பள்ளியில் பணியேற்றார். அப்பள்ளியும் 1816-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இத்தகைய நிலையிலும் அவர் எழுதிய வடிவியல் நூல் 1817-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது.

அளக்கக் கருவியில்லாக் காலம்

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டார். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசியை வைத்தால் ஊசி திரும்புகிறது என்பதே அது. இச்செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. ஓம் தம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அச்சோதனையைச் செய்து பார்த்தார். பின்னர் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. ஒரே மின்கலத்தோடு குட்டைக் கம்பியை இணைத்தால் ஊசி மிகுதியாகத் திரும்புகிறது. நெடுங்கம்பியை இணைத்தால் குறைவாகத் திரும்புகிறது. கம்பி எந்த அளவு நீண்டால் மின்னோட்டம் எந்த அளவு குறையும்? இதற்கு ஒரு கணக்கு உண்டா?

இன்று இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. வோல்ட்மானியையும் அம்மீட்டரையும் சுற்றில் இணைத்து எண்களைப் படித்துவிடலாம். ஓம் வாழ்ந்த காலத்தில் அத்தகைய கருவிகள் கடையில் கிடைக்கவில்லை. வோல்ட், ஆம்பியர் என்னும் அலகுகளும் பிறக்கவில்லை. அளக்க வேண்டிய கருவியை அவரே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பூட்டுப் பட்டறையில் கற்ற கைத்திறன் அப்போது கைகொடுத்தது. மெல்லிய உலோகப் பட்டை ஒன்றில் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டத்தால் விலகிய ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பட்டையின் மேல்முனையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை அளந்தார். மிகுதியாக முறுக்க வேண்டியிருந்தால் மின்னோட்டம் மிகுதி. குறைவாக முறுக்கினால் போதுமெனில் மின்னோட்டம் குறைவு.

முதல் முயற்சியும் திருத்தமும்

கருவி அமைந்தபோதிலும் மற்றோர் இடர் குறுக்கிட்டது. அக்காலத்து மின்கலங்கள் நிலையான மின்னோட்டத்தைத் தரவில்லை. சுற்றை மூடிய கணத்தில் மின்னோட்டம் பெருகும். சிறிது நேரத்தில் தளரும். ஒரு கம்பியை அளந்து முடித்து மறு கம்பியை இணைப்பதற்குள் மின்கலத்தின் நிலை மாறிவிடும். முழம் போடும்போதே முழக்கோல் சுருங்கினால் துணியின் நீளத்தை எவ்வாறு அறிவது? ஓம் அவ்வாறான நிலையில் இருந்தார். 1825-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையில் தந்த சூத்திரம் சரியானதாக அமையவில்லை.

அறிவியல் இதழொன்றின் ஆசிரியரான போகண்டார்ஃப் அவருக்கு ஒரு யோசனை கூறினார். மின்கலத்தை விடுத்து வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தலாம் என்பதே அந்த யோசனை. இரு வேறு உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சுற்றில் மின்னோட்டம் பாயும். இதனைச் சீபெக் என்னும் அறிஞர் 1821-ஆம் ஆண்டில் கண்டறிந்திருந்தார்.

ஓம் பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களைக் கொண்டு அத்தகைய இரட்டையை அமைத்தார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரால் சூடாக்கினார். மற்றோர் இணைப்பைப் பனிக்கட்டியால் குளிர்வித்தார். நீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அதன் வெப்பநிலை உயராது. பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும் வரை அதன் வெப்பநிலையும் மாறாது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு எப்பொழுதும் ஒரே அளவில் இருக்கும். அதனால் கிடைக்கும் மின்னோட்டமும் தளராது. சுருங்காத முழக்கோல் ஓமின் கைக்கு வந்துவிட்டது.

எட்டுக் கம்பிகள் கூறிய உண்மை

1826-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓம் எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். எல்லாம் ஒரே தடிமன் உடையவை. நீளங்கள் மட்டும் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்களாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றில் இணைத்து, பட்டையை முறுக்க வேண்டிய அளவைக் குறித்தார். 2 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 326 என்னும் அளவு கிடைத்தது. 130 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 48 கிடைத்தது.

இந்த எண்களைச் சற்று ஆராய்வோம். 130 அங்குலக் கம்பி 2 அங்குலக் கம்பியைப் போல 65 மடங்கு நீளமானது. மின்னோட்டமோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. ஏன் அறுபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையவில்லை?

ஓம் கண்ட விடை இதுதான். இணைக்கப்பட்ட கம்பி மட்டுமே மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. மின்னிரட்டையும் சுற்றின் பிற பகுதிகளும் தடுக்கின்றன. அப்பகுதிகளின் தடை, அதே செப்புக் கம்பியின் ஏறத்தாழ 20 அங்குல நீளத்துக்குச் சமமாக இருந்தது. அதனையும் சேர்த்தால் முதற்சுற்றின் மொத்த நீளம் 22 அங்குலம். கடைசிச் சுற்றின் மொத்த நீளம் 150 அங்குலம். 150-ஐ 22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.8 வரும். 326-ஐ 48-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 6.8 வரும். நீங்களும் வகுத்துப் பாருங்கள். இடைப்பட்ட ஆறு கம்பிகளுக்கும் இக்கணக்கு ஒத்துவந்தது.

வெப்ப வேறுபாட்டைக் குறைத்தபோது மின்னோட்டமும் குறைந்தது. ஆனால் சுற்றின் தடை மாறவில்லை. ஆகவே மின்னோட்டத்தை முடிவு செய்பவை இரண்டு. ஒன்று அதனைச் செலுத்தும் விசை. மற்றொன்று அதனைத் தடுக்கும் தடை. விசை மிகுந்தால் மின்னோட்டம் அதே விகிதத்தில் மிகும். தடை மிகுந்தால் அதே விகிதத்தில் குறையும். இதுவே ஓம் விதியின் சாரம்.

நூலும் புறக்கணிப்பும்

ஓம் தம் பள்ளியிலிருந்து ஓராண்டு விடுப்புப் பெற்றார். விடுப்புக் காலத்தில் பாதி ஊதியமே கிடைத்தது. கணிதப் பேராசிரியராக உயர்ந்துகொண்டிருந்த தம்பி மார்ட்டின் வாழ்ந்த பெர்லின் நகருக்குச் சென்று, தம் ஆய்வு முடிவுகளையெல்லாம் கணித முறையில் தொகுத்தார். 1827-ஆம் ஆண்டில் மின்சுற்றைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அந்நூல் தமக்கு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியைப் பெற்றுத்தரும் என்று அவர் நம்பினார்.

அந்நம்பிக்கை பொய்த்தது. அக்கால ஜெர்மனியில் இயற்கையைக் கணிதத்தால் விளக்க முனைவதைப் பலர் விரும்பவில்லை. சிலர் நூலைக் கடுமையாகச் சாடினர். பலர் அதனைக் கண்டுகொள்ளவேயில்லை. மனம் நொந்த ஓம் 1828-ஆம் ஆண்டில் கொலோன் பள்ளிப் பணியிலிருந்து விலகினார். அதன்பின் ஐந்தாண்டுகள் பெர்லினில் கணிதம் கற்பித்துக் குறைந்த வருவாயில் வாழ்ந்தார். 1833-ஆம் ஆண்டில் நியூரம்பெர்க் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். எனினும் அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி இன்னும் எட்டாத் தொலைவில் இருந்தது.

அக்காலத்தில் ஓம் தம் நூலை மறுக்கவில்லை. அளவுகள் அச்சில் இருந்தன. ஐயம் கொண்டவர் எவரும் சோதித்துப் பார்க்கலாம். அவ்வாறே சிலர் சோதித்தனர். ஜெர்மனியில் ஃபெக்னர் என்னும் அறிஞர் பல சோதனைகளைச் செய்து ஓமின் விதி சரியே என்று 1831-ஆம் ஆண்டில் காட்டினார். பிற நாடுகளிலும் அவ்விதி மெல்ல வேரூன்றியது.

காலம் கடந்து வந்த பெருமை

1841-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகம் தன் உயரிய விருதாகிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. மறு ஆண்டில் அவரை அயல்நாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அயல்நாட்டார் பாராட்டிய பின்னரே தாய்நாட்டிலும் அவர் பெயர் ஓங்கியது. 1849-ஆம் ஆண்டில் அவர் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-ஆம் ஆண்டில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. நூல் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பதவியில் இரண்டாண்டுகளே வாழ்ந்த அவர், 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் மறைந்தார். அவருடைய உடல் மியூனிக் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்த பின்னர்த் தந்திக் கம்பிகள் நாடுகளையும் கடல்களையும் கடந்து சென்றன. கம்பியின் தடை எவ்வளவு என்று அறியாமல் நெடுந்தொலைவுக்குத் தந்தி அனுப்புதல் அரிது. கடலடியில் கம்பி பழுதுற்ற இடத்தைக் கண்டறியவும் தடையின் அளவே உதவியது. ஆகவே எல்லா நாட்டினரும் ஏற்கும் ஓர் அலகு தேவைப்பட்டது. 1881-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. ஓமின் பெயரில் அமைந்த அலகை எழுத ஒமேகா என்னும் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்துகிறோம். ஆங்கில எழுத்தை எழுதினால் அது சுழியத்தைப் போலத் தோன்றி எண்ணோடு குழம்பிவிடும்.

அறிந்துகொள்வோம்

ஓமுக்கு முன்னரே இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இவ்வுண்மையை நெருங்கியிருந்தார். அவரிடம் மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. தம் உடலையே சுற்றில் இணைத்து, அதிர்ச்சி மிகுதியா குறைவா என்று உணர்ந்து ஒப்பிட்டார். ஆனால் அம்முடிவுகளை அவர் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் என்னும் அறிஞர் அக்குறிப்புகளைத் தொகுத்து 1879-ஆம் ஆண்டில் வெளியிட்டபோதுதான் உலகம் அவற்றை அறிந்தது. கேவண்டிஷ் செய்தது போன்ற சோதனையை எவரும் செய்யலாகாது. வீட்டு மின்சாரம் உயிரைப் போக்கவல்லது.

ஓம் விதியும் நம் கணக்கும்

ஓம் தேடிய விடையை, இன்று நாம் ஒரே வகுத்தலில் பெறுகிறோம். மின்னோட்டத்தைச் செலுத்துவது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். கம்பியில் பாய்வது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். பாய்வதைத் தடுப்பது மின்தடை. அதன் அலகு ஓம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், அக்கம்பியின் மின்தடை ஓர் ஓம் ஆகும்.

மின்சாரம் ஒரு நொடியில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கூறுவது மின்திறன். அதன் அலகு வாட்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

எடுத்துக்காட்டு 1: ஒரு கம்பிச் சுருளை 1.5 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கிறோம். அம்மீட்டர் 0.3 ஆம்பியர் எனக் காட்டுகிறது.

மின்தடை = 1.5 ÷ 0.3 = 5 ஓம்.
மின்திறன் = 1.5 × 0.3 = 0.45 வாட்.

அதே சுருளை இரண்டு மின்கலங்களோடு தொடராக இணைக்கிறோம். மின்னழுத்தம் 3 வோல்ட் ஆகிறது, மின்னோட்டம் 0.6 ஆம்பியர் ஆகிறது.

மின்தடை = 3 ÷ 0.6 = 5 ஓம்.
மின்திறன் = 3 × 0.6 = 1.8 வாட்.

மின்தடை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அக்கம்பியின் இயல்பு. மின்னழுத்தம் இருமடங்கானபோது மின்னோட்டமும் இருமடங்கானது. ஆகையால் மின்திறன் நான்கு மடங்காயிற்று.

எடுத்துக்காட்டு 2: ஒரு கீசர் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது.

மின்தடை = 230 ÷ 10 = 23 ஓம்.
மின்திறன் = 230 × 10 = 2300 வாட்.

ஆயிரம் வாட் ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே மின்கட்டணச் சீட்டில் காணப்படும் ஒரு யூனிட். இந்தக் கீசர் அரை மணிநேரம் இயங்கினால் 2.3 × 0.5 = 1.15 யூனிட் செலவாகும்.

கம்பி ஏன் சூடாகிறது?

மின்தடையுள்ள கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. இவ்வெப்பத்தின் அளவை இங்கிலாந்து அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டம் × மின்தடை என்று எழுதினால், மின்திறனை வேறு வடிவிலும் கூறலாம்.

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

மேற்கூறிய கீசரை 0.5 ஓம் மின்தடையுள்ள மெல்லிய நீட்டிப்புக் கம்பியின் வழியே இணைத்தால் என்ன நேரும்? 10 ஆம்பியர் பாய்ந்தால் அக்கம்பியில் 10 × 10 × 0.5 = 50 வாட் வெப்பமாக வெளிப்படும். வெப்பத்தால் கம்பியின் உறை உருகித் தீப்பற்றவும் கூடும். ஆகவேதான் கீசர், சலவைப்பெட்டி போன்ற மிகுதிறன் கருவிகளுக்குத் தடித்த கம்பியும் தனிப்பொருத்தியும் வேண்டும் என்கின்றனர். கம்பி தடித்தால் மின்தடை குறையும்.

இறுதியாக ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. வெப்பநிலை மாறாத உலோகக் கம்பிகளுக்கே ஓம் விதி நன்கு பொருந்தும். ஒளிரும் இழைவிளக்கின் இழை சூடேறியவுடன் அதன் மின்தடை பலமடங்கு உயர்கிறது. இக்கால எல்.இ.டி. விளக்குகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. கொதிநீரையும் பனிக்கட்டியையும் கொண்டு வெப்ப வேறுபாட்டை மாறாமல் காத்த ஓம், எந்த நிலையில் தம் அளவு உண்மையாகும் என்பதை அறிந்தே அளந்தார். கணக்கிடும் நாமும் அந்நிலையை மறவாதிருத்தல் நன்று.

சொற்பொருள்

அரம் – உலோகத்தைத் தேய்க்கும் கருவி
இடர் – இடையூறு
சாரம் – உட்கருத்து
மைந்தர் – மகன்
முழக்கோல் – நீளம் அளக்கும் கோல்
சுழியம் – பூச்சியம்
புறக்கணிப்பு – பொருட்படுத்தாது விடுதல்

மொழியை அறிவோம்

மின் + ஓட்டம் = மின்னோட்டம். மின் + அழுத்தம் = மின்னழுத்தம். ‘மின்’ என்னும் சொல்லில் ஒரு குற்றெழுத்தும் அதனையடுத்து ஒரு மெய்யெழுத்தும் உள்ளன. இத்தகைய சொல்லின் முன் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அம்மெய்யெழுத்து இரட்டிக்கும். கண் + ஆடி = கண்ணாடி என்பதும் இவ்வாறு அமைந்ததே.

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடையளிக்க.
1. ஓம் பிறந்த நகரம் எது?
2. ஓமின் தந்தையார் செய்த தொழில் யாது?
3. மின்திறனின் அலகு யாது?
4. ஓமுக்குக் காப்ளி பதக்கம் வழங்கப்பட்ட ஆண்டு எது?

ஆ. பொருத்துக.
1. மின்தடை – ஆம்பியர்
2. மின்னோட்டம் – வோல்ட்
3. மின்னழுத்தம் – வாட்
4. மின்திறன் – ஓம்

இ. பிரித்து எழுதுக.
1. பொன்னணி
2. விண்ணூர்தி
3. மின்னியல்

ஈ. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடையளிக்க.
1. பட்டறையில் கற்ற கைத்திறன் ஓமின் ஆய்வுக்கு எவ்வாறு உதவியது?
2. மின்கலத்துக்குப் பதிலாக வெப்ப மின்னிரட்டையை ஓம் ஏன் பயன்படுத்தினார்?
3. கம்பியின் நீளம் 65 மடங்கானபோதும் மின்னோட்டம் ஏழில் ஒரு பங்காக மட்டுமே குறைந்தது ஏன்?

உ. கணக்கிடுக.
1. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு சலவைப்பெட்டி 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் மின்தடையையும் மின்திறனையும் காண்க.
2. ஒரு கம்பியின் மின்தடை 8 ஓம். அதில் 1.5 ஆம்பியர் பாய வேண்டுமெனில் எத்தனை வோல்ட் மின்னழுத்தம் தேவை?
3. 0.2 ஓம் மின்தடையுள்ள கம்பியில் 10 ஆம்பியர் பாய்ந்தால் எத்தனை வாட் வெப்பமாக வெளிப்படும்?

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள மூன்று மின்கருவிகளின் தகடுகளில் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், வாட் அளவுகளைப் பெற்றோர் உதவியுடன் குறித்து வருக. ஒவ்வொரு கருவியும் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அவற்றுள் எதற்குத் தடித்த கம்பி தேவை என்பதைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. கருவிகளை மின்னிணைப்பிலிருந்து நீக்கிய பின்னரே தகடுகளைப் பார்க்க வேண்டும்.